ரெண்டாள் காப்பு

உக்காருங்க சார், உக்காருங்க. தொண்டி பஸ்ஸுக்குத்தான? இன்னும் வரல. நானும் அந்த பஸ்ஸுக்குத்தான் உக்காந்திருக்கேன். ஆனா ஏறுவனா மாட்டனான்னு எனக்கே தெரியாது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். சட்டை புதுசு, பாத்தீங்கள்ல? வேட்டியும் புதுசு. காலையிலயே தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து உக்காந்துட்டேன். அந்த பஸ்ஸுல எம் பொண்டாட்டி வர்றா, கைப்புள்ளையோட. எம் புள்ளைதான். நான் இன்னும் மொகத்தப் பாக்காத புள்ள.

வெளிநாட்டுல இருந்தீங்களான்னு கேக்குறீங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாக. இல்ல சார், இதே ஊருலதான் இருக்கேன். வெள்ளமணல்ல கோட்டைச்சாமி செல் கடைன்னு கேட்டா யாரும் கைகாட்டுவாக. அந்தா தெரியுதுல்ல ஒரு கல்லு, மஞ்சளத் தடவி வச்சிருக்கு, அது எங்க ஊரு எல்லைக் கல்லு. ஆடி மாசத்துலருந்து அதத் தாண்டி ஒரு எட்டு வச்சதில்ல நான். புள்ள பொறந்தது ராம்நாட்டு ஆசுபத்திரியில, ஆவணியில. இப்ப ஐப்பசி முடியப் போவுது. எல்லாம் இந்தா, கையில கெடக்குதே, இந்தக் கயித்துனாலதான்.

சத்தமாப் பேசுறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. காத்து இரையுதுல்ல, அதுக்காகத்தான்.

எங்க ஊருல ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கிறப்பத்தான் அம்மன் திருவிழா. அதுல பாய்மரப் படகுப் போட்டி வைப்பாக. மத்த ஊருல எல்லாம் படகுக்கு அஞ்சாறு பேரு ஏறுவாக. எங்க ஊருல மட்டும் ரெண்டே ரெண்டு பேரு. அதே படகு, அதே பாயி, அதே பேய்க் காத்து. ஒருத்தன் பின்னால உக்காந்து சுக்கானையும் பாய்க்கயித்தையும் பிடிக்கணும். இன்னொருத்தன் பலகையில நிக்கணும். படகுக்குக் குறுக்க ஒரு நீளப் பலகை போட்டிருப்போம், தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு. காத்து பாயை ஒரு பக்கமா அமுக்கும். அதுக்கு எதிர்ப்பக்கம் பலகை நுனியில போயி இவன் பாரமா நிக்கணும். இல்லன்னா படகு கவுந்துரும். காத்து கூடுனா நுனிக்கு ஓடணும், கொறஞ்சா உள்ள ஓடியாரணும். பிடிச்சுக்கிறதுக்கு ஒரு கயிறு உண்டு, மரத்துலருந்து வர்றது. அம்புட்டுத்தான். பாக்கத்தான் பெரிய வித்தை மாதிரி இருக்கும். மூளை வேலை எல்லாம் சுக்கான்காரனுக்குத்தான் சார்.

நான் சுக்கான். எம் பொண்டாட்டி சுகந்தியோட அண்ணன், வில்லாயுதம் மச்சான், பலகை. நாங்க கடல் தொழில் பாக்குறவுக இல்ல. நமக்குக் கடை, அவருக்கு ஐஸ் வண்டி. வருசத்துக்கு ஒருக்கா இந்தப் போட்டிக்குன்னு படகு வாடகைக்கு எடுத்து, பத்து நாளு பழகி, ஓட்டிப் பாக்குறது. ஒரு ஆசை. செயிச்ச படகுலதான் அம்மனை ஏத்திக்கிட்டுக் கடலைச் சுத்தி வருவாக. கரை பூரா சனம் நிக்கும். அந்தப் படகுல சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு தடவை வரணும், அம்புட்டுத்தான். அது தப்பா சார்?

காப்பு என்னான்னா, போட்டிக்குப் பேரு குடுத்த அன்னைக்கே கோயில்ல வச்சு மஞ்சக்கயிறு கட்டணும். பூசாரி கட்ட மாட்டாரு. சோடிக்குச் சோடி, அவன் கையில இவன், இவன் கையில அவன். கட்டிட்டா எல்லையத் தாண்டக் கூடாது. போட்டி முடிஞ்சு கரையேறுனதும் அதே மாதிரி அவன் இவனுக்கு அவுக்கணும், இவன் அவனுக்கு அவுக்கணும். கடலுக்குள்ள ரெண்டு பேரு போனோம், ரெண்டு பேரும் வந்துட்டோம்னு ஒருத்தனுக்கு ஒருத்தன் சாட்சி சொல்ற மாதிரி. அவுத்துக் கடல்ல போட்டுட்டு வீட்டுக்குப் போயி கறிச்சோறு திங்கலாம்.

அறுத்துட்டுப் போக வேண்டியதுதானன்னு கேக்குறீங்க. கேப்பீங்க, நீங்க வெளியூரு. எங்க தெருவுலயே ஒருத்தன் முன்னாடி அறுத்தான், சோடியோட சண்டை போட்டுக்கிட்டு. மறு வருசமே அவன் தம்பி குடாக் கடலுக்குள்ள போயி திரும்பி வரல. தானா அறுத்தா கடல் அந்த வீட்டுல ஒண்ணைக் கேக்கும்பாக. நான் இதெல்லாம் நம்புறவன் இல்ல சார். கடையில உக்காந்து உலகமே பாக்குறவன் நான். ஆனா வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. நெசமா பொய்யான்னு அத வச்சுச் சோதிச்சுப் பாக்கச் சொல்றீங்களா?

சொல்லுங்க.

இந்த வருசம் எங்களுக்கு நல்ல படகு கெடைச்சுச்சு. காத்தும் நல்ல காத்து, நின்னா ஆளத் தள்ளுது. மொதக் கொடியச் சுத்துறப்பவே நாங்க முன்னால. கொடின்னா கடல்ல மெதவையில குத்தி வச்சிருப்பாக. ரெண்டாவது கொடி வர்றப்ப பின்னால பூமிநாதன் படகு வருது, வடக்குத் தெருக்காரன், வருசா வருசம் அவந்தான் செயிக்கிறது. மச்சான் பலகை நுனியில இருந்துக்கிட்டு, "மாப்ள, பாயைத் தளத்துங்க, பலகை துள்ளுது, நிக்க முடியல"ங்குறாரு. பாயைத் தளத்துனா வேகம் கொறையும். பூமிநாதன் இந்தா ஒட்டிக்கிட்டு வர்றான். நான் சுக்கான்காரன், எனக்குத் தெரியாதா எப்பத் தளத்தணும்னு? "பிடிச்சுக்கங்க மச்சான், கொடியத் தாண்டிரட்டும்"னேன். கொடியையும் தாண்டிட்டோம். அதுக்கப்புறம் எனக்குக் கரைதான் தெரியுது. கரையில கொட்டுச் சத்தம், கோயில் கொடி, சனம். படகு ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. காத்து கூடிப் போச்சுன்னு நெனைச்சுப் பாயைத் தளத்துனேன்.

அவரு சொன்னப்பவே தளத்தியிருக்கலாமேன்னு தோணுது உங்களுக்கு. மொகத்துலயே தெரியுது. அப்பத் தேவைப்படல சார்.

கரையில போயி முட்டுறேன், மொதப் படகு. எந்திரிச்சுக் கையத் தூக்குறேன். ஒருத்தரும் கைதட்டல. எல்லாரும் எம் படகையே பாக்குறாக. திரும்பிப் பாத்தா, பலகையில மச்சானக் காணோம். அப்பத்தான் எனக்குத் தெரியும். சத்தியமா அப்பத்தான். எப்ப விழுந்தாரு, எங்க விழுந்தாரு, நான் எதையும் பாக்கல.

பூமிநாதன் பாயை எறக்கிப்புட்டு அவரைத் தூக்கிப் போட்டுக்கிட்டுக் கடைசியா வந்தான். மூணு பேரு ஒரு படகுல. மச்சான் நல்லாத்தான் இருந்தாரு, ஒண்ணும் ஆகல, கொஞ்சம் தண்ணி குடிச்சிருந்தாரு. அவருக்கு நீச்சல் தெரியும் சார், என்னைய விட நல்லாத் தெரியும். கோயில் கமிட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா? கடைசியா வந்த பூமிநாதனுக்கு மொதப் பரிசு! அம்மனையும் அவன் படகுலதான் ஏத்துனாக. கடைசியா வந்தவனுக்கு மொதப் பரிசு குடுக்குற ஊர எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? ரெண்டு பேரு போனா ரெண்டு பேரு வரணுமாம். நான் யாருக்காக ஓட்டுனேன்? எனக்கு மட்டுமா? செயிச்சிருந்தா அவரு பேரும் சேத்துத்தான மைக்குல சொல்லியிருப்பாக?

பாயி மறைச்சுச்சு, அதான் பாக்கலன்னு கமிட்டியில சொன்னேன். அதுக்கு அந்தப் பூமிநாதன், "பாயி ஒரு பக்கம் கெடக்கு, பலகை அதுக்கு எதிர்ப்பக்கம் கெடக்கு, எப்பிடிய்யா மறைக்கும்?"னு கேட்டான். கரையே சிரிச்சுச்சு. அவன் எதிராளி, அவன் அப்பிடித்தான் பேசுவான். பதட்டத்துல பாயின்னு வந்துருச்சு. மறைச்சது பாயோ, சாரலோ, ஏதோ ஒண்ணு. பாக்கலன்னா பாக்கலதான்.

அன்னைக்குச் சாயங்காலமே மச்சான் வீட்டு வாசல்ல போயி நின்னு கைய நீட்டுனேன், காப்ப அவுக்கச் சொல்லி. தலையத் துடைச்சுக்கிட்டே வந்தாரு. கோபமாப் பேசியிருந்தாக் கூடப் பரவாயில்ல. மெதுவாக் கேட்டாரு. "என்னைய எங்க விட்டுட்டு வந்தீங்கன்னு சொல்லுங்க மாப்ள. அத மட்டும் சொல்லுங்க, அவுத்து விடுறேன்." நான் பாக்கலைங்குறேன். அவரு அதே கேள்வியத் திரும்பக் கேக்குறாரு. பாக்காதவன் என்னத்த சார் சொல்லுவான்? "அப்ப உங்களுக்கும் நான் அவுக்க மாட்டேன்"னு வந்துட்டேன். வரணும்ல? நமக்கும் ஒரு இது இருக்குல்ல?

அன்னையிலருந்து அவரும் இப்பிடித்தான் கெடக்குறாரு. ஐஸ் வண்டி ராம்நாடு, காரைக்குடின்னு போகணும், எல்லைய விட்டு நகர முடியல. வண்டிய இப்ப வேற ஒருத்தன் ஓட்டுறான். வீட்டுல சும்மா உக்காந்திருக்காரு. பிடிவாதம் பிடிச்சா அப்பிடித்தான். பாவமாத்தான் இருக்கு.

இதுல சுகந்தி. அவளுக்கு இடுப்பு வலி எடுத்தப்ப ஆம்புலன்சு வந்து இந்தக் கல்லுக்கிட்டத்தான் நின்னுச்சு. நான் அதுல கால வைக்கல. அவ அண்ணனும் வைக்கல. அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவரு. அவ எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு அவ அம்மா தோளைப் பிடிச்சுக்கிட்டு ஏறிப் போயிட்டா. பொட்டப்புள்ள பொறந்துச்சு. ராம்நாட்டுல அவ சின்னம்மா வீட்டுலயே தங்கிட்டா. போட்டோ அனுப்புன்னா அனுப்ப மாட்டா. போன் பண்ணா எடுப்பா, ஆனா பேச மாட்டா. புள்ள அழுகுற சத்தத்த மட்டும் கேக்க விட்டுட்டு வச்சிருவா. கடையில யாரும் இல்லாதப்ப போட்டுக் கேப்பேன் சார். அழுகுறதுலயே ஒரு கோபம் இருக்கு அதுக்கு. எங்க வீட்டுச் சாடைதான் போல.

நான் அவ மேல தப்புச் சொல்லல. ஆனா புருசன்காரன நம்பணும்ல? "நீங்க பாத்தீங்களா பாக்கலையா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. "பாக்கல"ன்னேன். அன்னையிலருந்துதான் பேச்சு நின்னு போச்சு.

நேத்து கண்டக்டர் தம்பிக்கிட்டச் சொல்லி விட்டிருக்கா. நாளைக்கு இந்த பஸ்ஸுல குலசாமி கோயிலுக்குப் போறேன், புள்ளைக்குப் பேரு வைக்க. அப்பனும் தாய்மாமனும் நிக்கணும். வந்தா ரெண்டு பேரும் வாங்க, காப்பு இல்லாம வாங்க. ஒத்தை ஆளா பஸ்ஸுல ஏறாதீங்க, நான் மொகம் குடுக்க மாட்டேன். வராட்டி நானே காதுல பேரைச் சொல்லிக்கிறேன்னு. அம்புட்டுத்தான் சேதி. இதுதான் சார் இன்னைக்கு நெலமை. அவ சொன்னாச் செய்யிறவ.

அந்தத் தாய்மாமன் என்ன செய்யிறாருன்னா... அந்தா, பெஞ்சோட அந்தக் கோடியில மடியில மஞ்சப்பைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காருல்ல, அவருதான். திரும்பிப் பாக்காதீங்க சார்! பாத்துட்டீங்களா. சரி. பையில கொலுசு இருக்கும், சட்டை இருக்கும், தாய்மாமன் சீரு. எனக்கு முந்தியே வந்து உக்காந்துட்டாரு. வந்ததுலருந்து ஒரு வார்த்தை பேசல. நான் இம்புட்டு நேரம் உங்ககிட்டச் சொன்னதெல்லாம் அவரு காதுலயும் விழுந்திருக்கும். விழட்டும். நாலு பேருக்கு நியாயம் தெரியணும்ல? நீங்க பொதுவான ஆளு. நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசன் பாக்காததப் பாத்தேன்னு சொல்லிட்டா, நாளைக்கு எம் பொண்ணு வளந்து வந்து, மாமாவக் கடல்ல விட்டுட்டு வந்தியாப்பான்னு கேக்காதா?

அவரு ஏன் விட்டுக் குடுக்கக் கூடாது? உசுரோடதான இருக்காரு?

கமிட்டிக்காரவுககிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். பூசாரி கால்லயே விழுந்தேன். கட்டுனவன் அவுக்கணும்ப்பா, எங்க கையில இல்லன்னுட்டாக. குளிக்கிறப்ப, சாப்புடுறப்ப, கடையில ரீசார்ஜு போடுறப்ப, எப்பப் பாத்தாலும் இது கண்ணுல படுது சார். மொதல்ல மஞ்சளா இருந்துச்சு. இப்பக் கறுத்து, மாட்டுக் கயிறு மாதிரி ஆயிருச்சு. வர்ற போற பஸ்ஸெல்லாம் பாத்துக்கிட்டு இங்கதான் உக்காந்திருக்கேன். எல்லாரும் ஏறுறாக, போறாக. செயிலு கூட இப்பிடி இருக்காது. அங்க செவுரு இருக்கும், மனசு ஒத்துக்கும். இங்க ஒரு கல்லு, அதத் தாண்டுனா ரோடு, ரோட்டுல நேராப் போனா எம் புள்ள.

அந்தா வருது பாருங்க. சவுக்குத் தோப்புத் திருப்பத்துல. அந்த நீலக் கலரு பஸ்ஸுதான்.

எந்திரிங்க சார். இங்க வராது, கல்லுக்கு அங்கிட்டேதான் நிப்பாட்டுவான். நான் கல்லு வரைக்கும் வர்றேன். பைய எடுத்துக்கிட்டீங்களா?

நின்னுருச்சு. நடுச் சன்னலப் பாருங்க, பச்சைச் சேலை. அவதான். மெலிஞ்சு போயிட்டா சார். என்னையப் பாத்துட்டா. எங்கிட்டுக் கையக் காட்டுறா? எங் கையப் பாக்குறா, காப்பு இருக்கான்னு. மடியில துண்டச் சுத்தி... அது என்ன சார், துண்டுக்கு வெளிய ஆடுது? கையா? புள்ளையோட கையா அது?

இவரும் எந்திரிச்சு வந்துட்டாரு. கல்லுக்கிட்ட வந்து நிக்கிறாரு. கைய நீட்டுறாரு பாருங்க சார், என்னையப் பாத்து, காப்புக் கைய. வாயத் தொறந்து மாப்ளைன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்ன? சொல்ல மாட்டாரு. இப்பிடித்தான் சார், அன்னைக்கும் இப்பிடித்தான். கொடியத் தாண்டுன ஒடனே தண்ணிக்குள்ளருந்து இதே மாதிரிக் கைய நீட்டிக்கிட்டு, ஒரு சத்தம் போடல, கூப்புடல, என்னையவே பாக்குறாரு. கூப்புட்டிருந்தாத் திரும்பியிருப்பேன்ல? சும்மா கைய நீட்டிக்கிட்டு இருந்தா நான் என்னன்னு...

என்ன சார்? ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?

நான் என்ன சொன்னேன்?

மச்சான். மச்சான், இல்ல, நான் சொல்ல வந்தது... ஏன் அழுகுறீக மச்சான்? ரோட்டுல நின்னுக்கிட்டு. எல்லாரும் பாக்குறாக. கைய விடுங்க, வலிக்குது. அவுக்குறீகளா? அவுக்குறீகளா மச்சான்?

சார், நீங்க ஏறுங்க, ஏறிப் படியிலயே நில்லுங்க. கண்டக்டர் தம்பி, விசிலடிச்சிராத! இந்தா, ஒரு நிமிசம். வரமாட்டேங்குது சார், முடிச்சு இறுகிக் கெடக்கு. நகம் போயிரும் மச்சான், பல்ல வச்சுக் கடிங்க. கடிங்க, நான் ஆடாம நிக்கிறேன். சுகந்தி, பாத்துக்கிட்டே இரு. இந்தா, இந்தா தளருது. அம்மா தாயே.

அவுந்துருச்சு. சார், அவுந்துருச்சு! கையப் பாருங்க, கயிறு கெடந்த எடம் வெளுத்துப் போயிக் கெடக்கு.

என்னது, டைமாச்சா? டிரைவரண்ணே, ஆரனடிக்காதீங்கண்ணே. வந்துட்டேன். இந்தா ஒரு எட்டுதான. கல்லத் தாண்டுனா...

ஓடிவான்னு கூப்புடாதீங்க சார்.

அவரு இன்னும் கைய நீட்டிக்கிட்டுத்தான் நிக்கிறாரு.

மச்சான், குடுங்க கைய. இங்கிட்டுத் திருப்புங்க, வெளிச்சத்துக்கு. இது என்ன இம்புட்டு இறுக்கமாக் கட்டியிருக்கேன்? முடிச்சுல பிடி கெடைக்க மாட்டேங்குது. பஸ்ஸு போகட்டும் மச்சான். நீங்க அங்கிட்டுப் பாக்காதீக. போகட்டும், அடுத்த வண்டி வரும், வராட்டி நடப்போம்.

சார்! சார், பஸ்ஸ விட்டுறச் சொல்லுங்க. அந்தப் பச்சைச் சேலைக்காரிக்கிட்டப் போயி உக்காருங்க. அவ அண்ணனக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு சொல்லுங்க. ரெண்டு பேரா வர்றோம்னு சொல்லுங்க. அதுவரைக்கும் புள்ளைக்குப் பேரு மட்டும் வச்சிர வேணாம்னு சொல்லுங்க சார்.